செல்ஃப் எடுக்கிறது, ரேடியோ மட்டும் அணைகிறது

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் நண்பர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் பழைய ராணுவ லாரி ஒன்று நிற்கிறது. ஏலத்தில் எடுத்தது. தண்ணீர் டேங்க் ஏற்றவும், மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய ஜீப்புகளை இழுக்கவும் அதை வைத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஹாம் ரேடியோ உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வதற்கான உரிமம் உண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து ரோடுகள் துண்டுபட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் லாரியிலிருந்தே பேச முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதற்காக கேபினில் 50 வாட் விஎச்எஃப் ரேடியோ ஒன்றைப் பொருத்தினோம்.

நாள் முழுக்க ரேடியோ தெளிவாகக் கேட்டது. பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் மட்டும் டிஸ்ப்ளே அணைந்துவிடும். விட்டால் திரும்ப எரியும்.

முதலில் வண்டியின் மின்சாரத்தைப் பார்த்துவிடலாம். இதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. கனரக வண்டிகளில் 24 வோல்ட் வைப்பதற்குக் காரணம் எளிமையானது. அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். ஒயரில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஒயரில் இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும்.

ரேடியோவுக்கோ 13.8 வோல்ட்தான் வேண்டும். இங்கேதான் பலரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது, எங்கள் வண்டியிலும் யாரோ முன்பே செய்து வைத்திருந்தார்கள்: இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயர் எடுத்து 12 வோல்ட் வாங்கிக்கொள்வது. வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் ரேடியோவுக்குக் கொடுக்கும் கீழ்ப் பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இஞ்சின் ஓடும்போது பேட்டரிகளை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டும் சேர்ந்து 28 வோல்ட் வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். இறங்கிய பேட்டரி 12.8-இல் நின்றால், மற்றதன் மேல் 15.2 வந்து விழும். ஒன்று எப்போதும் பட்டினி, அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். இன்னொன்று கொதித்துத் தண்ணீரை இழக்கும். ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் கேட்கிறதென்றால் இப்படி ஒரு நடு ஒயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நாங்கள் அதைக் கழற்றிவிட்டு, 24-ஐ 13.8 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்தோம். பிளஸ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். மைனஸை கேபின் பாடியில் எர்த் கொடுத்தோம், அதாவது கரன்ட் வண்டியின் இரும்பு வழியாகவே பேட்டரி மைனஸுக்குத் திரும்பும்.

அதற்குப் பிறகு வந்த கோளாறுதான் இந்த அணைந்து எரிவது.

கன்வெர்ட்டருக்குள் 24 வோல்ட் நுழையும் வாயில் மீட்டர் வைத்தேன். 25.2 வோல்ட், அதாவது பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. "கரன்ட் சரியாத்தானே வருது சார், ரேடியோதான் போச்சு" என்றார் மெக்கானிக் அண்ணன். மீட்டரை நம்பினால் அப்படித்தான் தோன்றும்.

மலையில் ஊற்றுத் தண்ணீரை ஓஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஓஸுக்குள் பாதி சேறு அடைத்திருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாக இருக்கும். திறந்தால்தான் நூலாகச் சொட்டும். டிஜிட்டல் மீட்டர் என்பது கிட்டத்தட்ட மூடிய குழாய். அதன் உள்தடை 10 மெகா ஓம், அதன் வழியாக ஓடுவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெட்டுப்போன ஜாயின்ட் ஒன்று அதற்குக் குறுக்கே தெரியவே தெரியாது. ரேடியோ கேட்கும்போதும் ஏறக்குறைய இதே கதைதான், ஒரு ஆம்பியருக்கும் குறைவு. பேசும்போது அது சுமார் 11 ஆம்பியர் கேட்கிறது, குழாய் அப்போதுதான் திறக்கிறது.

ஆகவே லோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டு, கன்வெர்ட்டருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினேன். ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முனையில் 25.0, பல்பின் முனையில் 23.3. நடுவே 1.7 வோல்ட் எங்கேயோ விழுகிறது. ஒரு சுற்றில் விழும் வோல்ட் எல்லாவற்றையும் கூட்டினால் பேட்டரி தருவதற்குச் சமமாக வரவேண்டும் என்று 1845-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் சொன்ன விதி இங்கே கணக்குப்பிள்ளை மாதிரி உதவுகிறது. காணாமல் போன 1.7 வோல்ட் வழியில் ஏதோ ஓர் இடத்தில் இருந்தே தீரும்.

மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி பிளஸிலும் மற்றதை பல்பின் பிளஸிலும் வைத்தேன். 0.2. ஃப்யூஸும் ஒயரும் சரி. பிறகு பேட்டரி மைனஸிலிருந்து பல்பின் மைனஸுக்கு. 1.5!

எர்த்தில் கோளாறு என்றதும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "செல்ஃப் ஒரே அடியில எடுக்குது சார். எர்த் போயிருந்தா எப்படி எடுக்கும்?" நியாயமான கேள்வி. நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு எர்த் நன்றாக இல்லாவிட்டால் இஞ்சின் அசையாது. ஆனால் செல்ஃபுக்கான எர்த் வேறு, கேபினின் எர்த் வேறு. கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கேபினையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் இணைப்பது பின்னல் செம்புப் பட்டை ஒன்று மட்டும்தான். படிப்படியாக அளந்தோம்: மைனஸ் முனையிலிருந்து சேஸிஸுக்கு 0.05. சேஸிஸிலிருந்து கேபினுக்கு 1.35. கேபினிலிருந்து பல்புக்கு 0.1.

பட்டை ஏறிய போல்ட்டைக் கழற்றியபோது அண்ணன் அப்படியே குனிந்து பார்த்தார். பட்டையின் முனையில் இருக்கும் வளையமான லக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே கெட்டியான பச்சைப் பெயின்ட். யாரோ எப்போதோ பெயின்ட்டைச் சுரண்டாமலேயே பட்டையை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் இத்தனை நாள் கரன்ட் போயிருக்கிறது, அந்த மரையும் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டையின் செம்பு நூல்களுக்குள் இன்னொரு பச்சை, செம்பு அரித்த பொடி. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மஞ்சு இறங்கும் இடம் இது. பின்னலுக்குள் ஏறிய ஈரம் லேசில் காயாது. நூல்களுக்கிடையே தந்துகி போல ஊறி உள்ளேயே நிற்கும்.

பளபளப்பாகத் தேய்த்த இரண்டு உலோகப் பரப்புகள்கூட முழுசாகத் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகள் சிலவற்றில்தான் தொடுகின்றன, கரன்ட் முழுக்க அந்த மேடுகள் வழியாகத்தான் போகிறது. துருவும் பெயின்ட்டும் அவற்றையும் மூடிவிட்டால் மிச்சம் இருப்பது சொற்பம். எங்கள் ஜாயின்ட்டின் தடை கணக்குப் போட்டால் சுமார் அரை ஓம். கேட்க அற்பமாக இருக்கும். பேசும்போது 24 வோல்ட் பக்கத்தில் 9 ஆம்பியர் ஓடினால் அந்த அரை ஓம் 40 வாட் வெப்பத்தைக் கக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது.

சரி, 25-இல் சில வோல்ட் போனால் ரேடியோ ஏன் அடியோடு அணைய வேண்டும்? இதில் கன்வெர்ட்டருக்கு ஒரு பங்கு உண்டு. பல்புக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும், மங்கலாக எரிந்துவிட்டுப் போகும். கன்வெர்ட்டர் அப்படி விட்டுக்கொடுக்காது. வெளியே 13.8 வோல்ட்டைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதால், உள்ளே வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுக்கும். அதிகம் இழுத்தால் கெட்ட ஜாயின்ட்டில் இன்னும் அதிகம் விழும். ரேடியோ பேச, கன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து, அதற்கு 178 வாட் அளவுக்கு வேண்டும். வழியில் மொத்தம் 0.6 ஓம் இருந்தால் 25 வோல்ட் 19.5 வரை இறங்கிவிடும். எங்கள் கன்வெர்ட்டர் 20-க்குக் கீழே தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நிறுத்தியதும் ஆம்பியர் இல்லை, வோல்ட் மீண்டும் 25, உடனே உயிர் வரும். அதுதான் அணைந்து எரிந்தது.

பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம். சேஸிஸில் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தோம். புதுப் பட்டை, பல் வைத்த வாஷர், நன்றாக முடுக்கிய பிறகு மேலே வாசலின். வாசலின் ஈரத்தைத் தடுக்க மட்டும்தான், கரன்ட்டைக் கடத்த இல்லை. அதனால் முடுக்கியதற்குப் பிறகுதான் பூச வேண்டும். பல்பை மாட்டி அளந்தால் வழியில் விழுவது மொத்தமே 0.4 வோல்ட்.

ரேடியோவைத் திரும்ப மாட்டி, மீட்டரைக் கன்வெர்ட்டர் வாயிலேயே விட்டுவிட்டு நண்பர் பட்டனை அழுத்தினார். 24.0-இல் நின்றது. கோத்தகிரியிலிருந்து பதில் வந்தது.

இஞ்சினை ஓட விட்டோம். இத்தனை நாள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ரேடியோவில் கூடவே ஒரு சீழ்க்கை ஏறும். ஆல்டர்னேட்டரின் மின்சாரம் சமமாக இல்லாமல் சிற்றலையாக வருவதன் சத்தம் அது. கேபினில் உள்ள மற்ற சாதனங்களும் அதே கெட்ட எர்த் வழியாகத் திரும்பியதால், அந்த அலை ரேடியோவின் மைனஸையே ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபில்டர் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தோம். அண்ணன் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தார், சீழ்க்கை காதைக் கிட்டே வைத்தால் கேட்கும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது.