ஒரே குதி, இரண்டு உயரம்

நான் எழுதிய சின்ன விளையாட்டு ஒன்றில் ஒரு பையன் மேடை மேடையாகத் தாவிப் போவான். என் கணினியில் எல்லா மேடையிலும் ஏறினான். தம்பியின் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், மூன்றாவது மேடையின் விளிம்பில் முட்டிக் கீழே விழுந்தான். பத்து முறை முயன்றாலும் பத்து முறையும் அப்படியே. ஸ்கிரிப்ட், அதாவது பையனை நகர்த்த நான் எழுதிய நிரல், ஒன்றுதான், எண்களும் அவையேதான்: குதிக்கும் வேகம் நொடிக்கு 5 மீட்டர், புவியீர்ப்பு 10, மேடையின் உயரம் 1.2 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் குதியின் உயரம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 25-ஐ 20-ஆல் வகுத்தால் 1.25 மீட்டர். ஏறியிருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான், கேம் எஞ்சினுக்குள், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குள், பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பது எனக்கு உண்மையில் புரிந்தது.

நம் உலகில் ஒரு பந்து விழும்போது காலம் எங்கேயும் நிற்காமல் ஓடுகிறது. எஞ்சினுக்குள் அப்படி ஓடும் காலம் கிடையாது. அங்கே நடப்பது ஒரு சுற்று. என்ன பொத்தானை அழுத்தினார்கள் என்று பார்ப்பது, எல்லாப் பொருள்களையும் கொஞ்சம் நகர்த்துவது, படத்தை வரைவது, மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஃபிரேம். நாம் எழுதும் ஸ்கிரிப்ட்டை எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கூப்பிடுகிறது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் பந்து எங்கே இருந்தது என்று கேட்டால் அதற்குப் பதிலே இல்லை. அது எங்கேயும் இருக்கவில்லை.

அந்தச் சுற்றின் வேகம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், வேலைப் பளுவைப் பொறுத்தும் மாறும். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு இதற்கு அழகான சாட்சி. திரையில் 55 வேற்றுக்கிரக உருவங்கள். அந்தக் காலத்துச் சிப்பால் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்குள் ஓர் உருவத்தைத்தான் நகர்த்த முடிந்தது. ஆகவே, படை முழுவதும் ஓர் அடி எடுத்து வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். சுடச் சுட எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றின் முறையும் சீக்கிரம் வரும், கடைசியில் மிஞ்சிய ஒன்று தலைதெறிக்க ஓடும். ‘வேகத்தைக் கூட்டு’ என்று யாரும் நிரல் எழுதவில்லை. நிஷிகாடோ இதைக் கவனித்தார், விளையாட்டுக்கு நன்றாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார். ஆட்டம் நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் அந்த உணர்வு அப்படிப் பிறந்ததுதான்.

ஆனால், எல்லா விளையாட்டிலும் இது வரமாக அமையாது. ‘ஒவ்வொரு ஃபிரேமிலும் 10 சென்டிமீட்டர் நகர்’ என்று எழுதினால், நொடிக்கு 30 ஃபிரேம் வரைகிற கணினியில் 3 மீட்டரும் 144 ஃபிரேம் வரைகிற கணினியில் 14.4 மீட்டரும் போகும். இதற்கு மருந்தாக எஞ்சின் தருவது டெல்டா டைம். முந்தைய ஃபிரேமிலிருந்து எத்தனை நேரம் கடந்திருக்கிறது என்ற எண் அது. வேகத்தை அதனால் பெருக்கி நகர்த்தினால் இரண்டு கணினியிலும் ஒரே தூரம். ஸ்கிரிப்ட் எழுதக் கற்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது இது. நானும் பெருக்கித்தான் இருந்தேன். அப்படியும் பையன் விழுந்தான்.

சீரான வேகத்தில் போகிற பொருளுக்கு அந்தப் பெருக்கல் போதும். வேகமே மாறிக்கொண்டிருந்தால் போதாது. ஒரு பந்தை ஒரு நொடி விழ விடுவோம். உண்மையில் அது 5 மீட்டர் விழும். இப்போது அந்த நொடியைப் பத்துத் துண்டாக்கிக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வேலை: ஈர்ப்பை வேகத்தில் கூட்ட வேண்டும், வேகத்தை இடத்தில் கூட்ட வேண்டும். முதலில் இடம், அப்புறம் வேகம் என்று செய்தால் பந்து 4.5 மீட்டர்தான் விழுகிறது. முதலில் வேகம், அப்புறம் இடம் என்று வரிசையை மாற்றினால் 5.5 மீட்டர். இரண்டு வரிகளை இடம் மாற்றியதில் ஒரு மீட்டர் வித்தியாசம்! 60 துண்டாக்கினால் 4.92, 5.08 என்று இரண்டும் உண்மையை நெருங்கும், ஆனால் தொடாது. ஒரு துண்டுக்குள்ளேயே வேகம் மாறிக்கொண்டிருக்க, நாம் துண்டு முழுவதற்கும் ஒரே வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் காரணம்.

இப்படித் துண்டு போட்டுக் கூட்டும் முறை 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லருடையது. பெரும்பாலான எஞ்சின்கள் இரண்டாவது வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. பிழையின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்போது ஏன் இந்தப் பாரபட்சம்? ஓர் ஊஞ்சலை ஆட விட்டுப் பார்த்தால் தெரியும். முதல் வரிசையில் கணக்கிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றல் எங்கிருந்தோ வந்து சேரும். யாரும் தள்ளாமலே ஊஞ்சல் மேலே மேலே போகும். இரண்டாவது வரிசையில் பிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலையுமே தவிர, சேர்ந்துகொண்டே போகாது. எத்தனை நேரம் ஆடினாலும் ஊஞ்சல் ஊஞ்சலாகவே இருக்கும்.

ஆய்லர் வழி மட்டும்தான் உண்டு என்றில்லை. பிரெஞ்சு இயற்பியலாளர் லூ வெர்லே 1967-இல் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணக்கிடக் கையாண்ட முறையில் வேகம் என்ற எண்ணே தனியாக இருக்காது. இப்போதைய இடம், முந்தைய இடம், இரண்டுக்கும் உள்ள தூரமே வேகம். 2000-இல் வந்த ‘ஹிட்மேன்: கோட்நேம் 47’ விளையாட்டில் தாமஸ் யாகொப்சன் இதைக் கொண்டுவந்தார். சுடப்பட்டவர்களின் உடல் துணி பொம்மை மாதிரி மடங்கி விழுந்தது அப்படித்தான். தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட நீளம் கணக்கில் பிசகினால், இரண்டு புள்ளிகளையும் பிடித்து இழுத்துச் சரியான தூரத்தில் வைத்துவிட்டால் போதும். இடம் மாறியதும் வேகமும் தானாகத் திருந்திக்கொள்ளும். எனக்குத் தெரிந்த கணக்கு முறைகளில் இவ்வளவு எளிமையான அழகு வேறெதிலும் இல்லை.

சரி, பையனுக்கு வருவோம். என் ஸ்கிரிப்ட் இரண்டாவது வரிசையில் எழுதியது. மேலே போகும்போது அந்த வரிசை ஈர்ப்பை ஒரு துண்டு முன்கூட்டியே கழித்துவிடுவதால், குதி எப்போதும் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டால், குதிக்கும் வேகத்தைத் துண்டின் நேரத்தால் பெருக்கிப் பாதியாக்கியது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய என் கணினியில் உயரம் 1.208 மீட்டர். 30 ஃபிரேமில் திணறிய லேப்டாப்பில் 1.167. மேடை 1.2. அவ்வளவுதான் விஷயம்.

இதை நான் மட்டும் சந்திக்கவில்லை. 1999-இல் வந்த ‘குவேக் 3 அரினா’ விளையாட்டில் நொடிக்கு 125 ஃபிரேமுக்கு வைத்தால் வேறு பல ஃபிரேம் எண்ணிக்கைகளைவிட உயரமாகத் தாவலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகத்தை முழு எண்ணாக்கும்போது நேர்ந்த சிறு பிழை, அந்த எண்ணிக்கையில் அவர்களுக்குச் சாதகமாகச் சேர்ந்தது. போட்டி ஆடியவர்கள் கணினியை 125-க்கே பூட்டி வைத்தார்கள்.

தீர்வு, படம் வரையும் தாளத்தையும் இயற்பியல் கணக்கின் தாளத்தையும் பிரித்துவிடுவது. யூனிட்டி என்ற எஞ்சினில் இயற்பியல், நாம் மாற்றாதவரை, 0.02 நொடித் துண்டுகளில், அதாவது நொடிக்கு 50 முறை நடக்கும். கோடோ என்ற எஞ்சினில் 60 முறை. எஞ்சின் ஓர் உண்டியல் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தான் எடுத்துக்கொண்ட நேரத்தை அதில் போடும். 0.02 சேர்ந்ததும் அதை எடுத்து ஒரு துண்டு இயற்பியல் நடத்தும். மெதுவான கணினியில் ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று துண்டுகள் நடக்கும். வேகமான கணினியில் சில ஃபிரேம்களில் ஒன்றுகூட நடக்காது. அப்போது படம் விட்டு விட்டுத் தெரியாமலிருக்க, முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் நடுவில் ஓர் இடத்தை ஊகித்து வரையச் சொல்லலாம்.

இந்த மாற்றத்தைச் செய்தவுடன் புதிதாக ஒரு தொல்லை. அவ்வப்போது பொத்தானை அழுத்தினாலும் பையன் குதிக்கவில்லை. ‘இந்த ஃபிரேமில் அழுத்தினார்களா?’ என்ற கேள்வியை நான் இயற்பியல் துண்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுத்திய ஃபிரேமில் இயற்பியல் துண்டே நடக்காவிட்டால் கேள்வி கேட்கவே ஆளில்லை, அழுத்தம் காற்றோடு போய்விடும். பொத்தானை ஃபிரேம் பக்கத்தில் கவனித்து, நிரலில் மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு மாறியில் குறித்து வைத்து, அடுத்த இயற்பியல் துண்டு அதை எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ரிஜிட்பாடி, அதாவது ‘இதை இயற்பியல் விதிப்படி நகர்த்து’ என்று எஞ்சினுக்குச் சொல்லும் உறுப்பு, பொருத்திய பொருளின் இடத்தை ஸ்கிரிப்ட்டில் நேரடியாக மாற்றினால், அது நகர்வதில்லை. இங்கே மறைந்து அங்கே தோன்றுகிறது. வழியில் இருந்த சுவர் அதற்குத் தெரியாது. விசையைக் கொடுத்தோ வேகத்தை மாற்றியோ விட்டுவிட்டு, நகர்த்தும் வேலையை எஞ்சினிடம் ஒப்படைத்தால்தான் மோதல் மோதலாக இருக்கும்.

அப்படி ஒப்படைத்தும்கூட வேகம் கூடினால் ஆபத்து உண்டு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து 0.02 நொடியில் 78 சென்டிமீட்டர் போகும். மட்டையின் தடிமன் அதிகபட்சம் 6.7 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு 7 சொச்சம். இரண்டையும் கூட்டினாலும் 14 சென்டிமீட்டர்தான். ஒரு துண்டில் பந்து மட்டைக்கு முன்னால், அடுத்த துண்டில் ஸ்டம்புக்குப் பக்கத்தில். இரண்டு துண்டிலும் ஒன்றையொன்று தொடவில்லை, ஆகவே எஞ்சினைப் பொறுத்தவரை மோதலே நடக்கவில்லை. ஐந்தில் நான்கு பந்து மட்டையை ஊடுருவிப் போய்விடும். துண்டுகளைச் சிறிதாக்கலாம், ஆனால் எல்லாப் பொருளுக்கும் சேர்த்துக் கணக்கு பெருகும். அதனால் அந்தப் பந்துக்கு மட்டும் தொடர் மோதல் சோதனையை இயக்குகிறோம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை பந்து கடக்கும் பாதை முழுவதையும் ஒரு நீண்ட குழாயாகப் பாவித்து, அது எதையாவது தொடுகிறதா, முதலில் எந்தக் கணத்தில் தொடுகிறது என்று எஞ்சின் தேடும். முன்பு பதில் இல்லாத அந்த நடுக்கணத்துக்கு இங்கே மட்டும் ஒரு பதில் கிடைக்கிறது.

என் பையனுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. 0.02 நொடித் துண்டில் அவன் குதி எல்லாக் கணினியிலும் ஒரே அளவுக்கு வந்தது. கணக்கிட்டுப் பார்த்தேன்: 1.25-இலிருந்து 0.05 குறைந்து மிகச் சரியாக 1.20 மீட்டர். மேடையும் 1.20. மயிரிழையில் நிற்கும் எண்ணை நம்ப முடியாது. குதிக்கும் வேகத்தை 5-இலிருந்து 5.2 ஆக்கினேன். இப்போது உயரம் 1.30. தம்பியின் லேப்டாப்பில் மூன்றாவது மேடையில் ஏறி நின்றுகொண்டிருக்கிறான்.