சிறுநீர்ப்பெருக்கி அல்ல, உப்பிறக்கி

ஒட்டுசுட்டானில் இருக்கும் பெரியம்மா பிறசர் குளிசையில் ஒன்றை இரண்டு கிழமையாகப் போடவில்லை. கேட்டால், மருந்து விளக்கத் துண்டைக் காட்டுகிறா: “இதில சிறுநீர்ப்பெருக்கி எண்டெல்லோ கிடக்கு. எனக்குச் சீனி வருத்தம், இரவில மூண்டு தரம் எழும்புறன். இன்னும் பெருக்கவோ?”

அவவில் பிழையில்லை. சொல்லில்தான் பிழை.

சிறுநீர்ப்பெருக்கி என்பது ‘டையூரெடிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாங்கள் வைத்த தமிழ். டையூரெடிக் கிரேக்க வேருடையது. ‘தியா’ ஊடாக, ‘ஊரோன்’ சிறுநீர். சிறுநீரைப் போகச் செய்வது என்பதே பொருள். பெருக்கம் அதில் எங்கும் இல்லை. நாங்கள்தான் ஒலிபெருக்கி மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டோம்.

மருந்தின் வேலைக்கும் அது பொருந்தவில்லை. தனிக்காரணம் தெரியாத பிறசர்தான் பெரும்பாலானோருக்கு. அவர்களில் பலருக்குத் தயசைட் என்ற வகை டையூரெடிக்கைக் கொடுப்பார்கள். 1958இல் அந்த வகையின் முதல் மருந்தான குளோரோதயசைட் வந்த காலம் தொட்டு இது நடக்கிறது. சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் அது தடுக்கும், உப்போடு நீரும் போகும். சில கிழமையில் சிறுநீர் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். இரத்தக்குழாய்கள் தளர்ந்து பிறசர் மட்டும் இறங்கியே நிற்கும். அப்போது எதைப் பெருக்குகிறது இந்தப் பெருக்கி? சிறுநீரகம் நன்றாகப் பழுதானவருக்குப் புரூசிமைட் என்ற இன்னொரு டையூரெடிக். உடம்பில் உப்பைத் தேக்கும் அல்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோன் மிகையாகச் சுரந்து வரும் பிறசருக்கும், மூன்று மருந்துக்கு மசியாத பிறசருக்கும் ஸ்பைரோனோலாக்டோன். வகை வேறு, சிறுநீரகத்தில் வேலை செய்யும் இடம் வேறு. வெளியேற்றுவது எல்லாம் உப்பைத்தான்.

ஆகவே பிறசர் மருத்துவத்தில் இதை ‘உப்பிறக்கி’ என்பதே சரி. ‘நீரிறக்கி’ என்பாரும் உண்டு. அதை ஏற்கமாட்டேன்: நீரிழிவில் உள்ள ‘இழிவு’ இறங்குதல்தான், இரண்டும் ஒரே பொருளில் போய் முட்டும். (அதை ‘நீரழிவு’ என்று எழுதுவோரும் திருந்த வேண்டும்.) ‘உப்புநீக்கி’யோ கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைத்தான் நினைவூட்டும். இறக்குதல் எங்கள் வாயில் இருக்கும் சொல். காய்ச்சல் இறங்கும், வீக்கம் இறங்கும், பாம்புக்கடிக்குப் பரியாரி விசம் இறக்குவார். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்க முன்னம் கிளினிக் வாங்கில் அரைமணி நேரம் இருந்து காது கொடுக்கலாம்.

பெரியம்மாவுக்கு “இது உப்பிறக்கிற குளிசை” என்றேன். கொஞ்சம் யோசித்தா.

“அப்ப கருவாட்டையும் குறைக்க வேணுமோ?”