வாக்கிங்குக்கு முன்னால் ஒரு நாற்காலி

சுகர் இருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எல்லோரும் சொல்வது, “தினமும் வாக்கிங் போங்க.” நல்லதுதான். ஆனால் இரண்டு கையையும் ஊன்றினால்தான் நாற்காலியை விட்டு எழ முடிகிறது என்கிற அளவுக்குத் தளர்ந்துபோனவருக்கு, முதலில் வேண்டியது தொடைக்கு வலு என்பேன்.

இன்சுலின் சுரந்ததும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். உள்ளே கூட்டிப்போவது குளுட்-4 என்ற புரதம். சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும், இன்சுலின் வந்து கூப்பிட்டால் மேற்பரப்புக்கு வரும். டைப் 2 சர்க்கரை நோயில் அந்தக் கூப்பாடு தசைக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி வேலை செய்தால், இன்சுலின் கூப்பிடாமலேயே, வேறொரு வழியில் குளுட்-4 மேலே வந்துவிடுகிறது. இந்த வழி சர்க்கரை நோயில் பெரிதாகக் கெடுவதில்லை. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்குத் தசைக்கு இன்சுலினின் குரல் கொஞ்சம் நன்றாகவே கேட்கும்.

சரி, தசையே வற்றிப்போயிருந்தால்? வயதும் சர்க்கரையும் சேர்ந்து அதைத்தான் செய்கின்றன.

திரும்ப வலு ஏறுமா என்றால், ஏறும். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு, முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. பெயருக்கு அரைக் கிலோ இல்லை, அவரவரால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை! முடித்தவர்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அது பொதுவாக முதியவர்களுக்கு. சர்க்கரையும் தளர்ச்சியும் சேர்ந்தவர்களுக்கென்றே நடந்தது மிட்-ஃபிரெயில் ஆய்வு: ஐரோப்பாவில் 70 வயதைத் தாண்டிய 964 பேர், ஒரு பாதிக்கு 16 வாரம் எடைப் பயிற்சி, கூடவே உணவு பற்றிய வகுப்புகள். நிற்பது, நடப்பது, ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுவது என்று 12 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை உண்டு, ஒரு வருடம் கழித்து அதில் இவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 0.85 மதிப்பெண் முன்னால் இருந்தார்கள். கேட்க அற்பமாக இருக்கும். இந்த வயதில் அரை மதிப்பெண்ணே அன்றாடத்தில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சிக்குப் பிறகு, சில சமயம் ராத்திரியில்கூட, சுகர் சட்டென்று இறங்கலாம். டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரை இருக்கட்டும், உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். எழ முடியாவிட்டால் இருக்கையில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழுவது சுலபமானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள்.