எண்ணெய் வைக்கும் கெடு

1950ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க்கில் இருந்த தன் பட்டறையில், வில்லெம் டி கூனிங் ஓர் ஓவியத்தைத் தொடங்கினார். ஆறடிக்கும் சற்றுக் கூடுதலான உயரம். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம். அது முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவர் ஒரே படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருக்கவில்லை. வரைவார், சுரண்டுவார், சுரண்டிய இடத்திலேயே மறுபடி வரைவார். நடுநடுவே ருடால்ஃப் பர்க்ஹார்ட் எடுத்த புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே கேன்வாஸில் வெவ்வேறு பெண்கள் வந்து போனது தெரியும். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் அதை ஓரமாகப் போட்டுவிட்டார். பட்டறைக்கு வந்த கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ அதைப் பற்றிக் கேட்டு, பேசி, மீண்டும் கையில் எடுக்க வைத்தார். இன்று அது ‘பெண் 1’ என்ற பெயரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கலைஞனின் பிடிவாதத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. நேற்று பூசிய வண்ணத்தை இன்று எப்படிச் சுரண்ட முடிந்தது? சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரை மறுநாள் கத்தியால் வழித்தெடுக்க முடியாது. நீர்வண்ணம் தாளில் ஊறியதோடு சரி. எண்ணெய் வண்ணம் மட்டும் ஓவியருக்கு நாள்கணக்கில் தவணை தருகிறது. அந்தத் தவணைக்குள் அவர் மனம் மாறலாம். தாண்டிவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும். எண்ணெய் ஓவியரின் ஒவ்வொரு நாளையும் தீர்மானிப்பது இந்தக் கெடுதான்.

அதைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போகலாம். சூரியகாந்தி எண்ணெய் வைக்கும் டப்பாவின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். விரலில் பசைபோல ஒட்டும் மஞ்சள் பிசுக்கு ஒன்று படிந்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. அது வெறும் அழுக்கு அல்ல. எண்ணெய் பாதி வழியில் பெயின்டாக மாறி நிற்கும் நிலை அது. தேங்காய் எண்ணெய்ப் புட்டியிலோ இந்தப் பிசுக்கு வருவதில்லை. மாதக்கணக்கில் வைத்தாலும் தேங்காய் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது.

வேறுபாடு கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று நீண்ட கார்பன் சங்கிலிகள் தொங்குகின்றன. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவை நிறைவுற்றவை, அதாவது ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ள அவற்றில் இடம் இல்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெயில் பாதி அளவுக்கு லினோலெனிக் அமிலம் உண்டு. அதன் சங்கிலி ஒவ்வொன்றிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் இந்த இடங்களைத் தாக்குகிறது. அங்கிருந்து ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு பிணைகிறது, அது அடுத்ததோடு பிணைகிறது. நாளடைவில் தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் எல்லாம் சேர்ந்து ஒரே வலையாகின்றன. வண்ணத்தூள் அந்த வலைக்குள் சிக்கி நிற்கிறது.

ஆகவே எண்ணெய் வண்ணம் ‘காய்கிறது’ என்பது பேச்சு வழக்குதான். துவைத்த துணி காயும்போது தண்ணீர் வெளியேறி எடை குறைகிறது. ஆளிவிதை எண்ணெயோ முதல் நாட்களில் ஆக்சிஜனை உள்ளே இழுத்து எடை கூடுகிறது. இந்த வினையில் வெப்பமும் வெளிப்படுகிறது. கேன்வாஸில் அது காற்றோடு போய்விடும். ஆனால் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்து வைத்தால், உள்ளே வெப்பம் தேங்கி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கலாம். பட்டறைகளில் அந்தத் துணிகளை விரித்துப் போடுவதும், தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுவதும் இதனால்தான். வீட்டில் வரைகிறவர்கள் இதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

இனி ஓவியரின் காலைப்பொழுதுக்கு வருவோம். கேன்வாஸ் முன் வந்ததும் அவர் செய்வது, நேற்று பூசிய இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பது. எல்லா நிறமும் ஒரே வேகத்தில் இறுகுவதில்லை. அம்பர் என்ற பழுப்பு மண்ணில் மாங்கனீசு இருக்கிறது. அது ஆக்சிஜன் வினையை விரைவுபடுத்துவதால், அம்பர் பூசிய இடம் ஓரிரு நாளில் கையில் ஒட்டாது. ஈய வெள்ளையும் விரைவாகவே இறுகும். எலும்புக் கரி கறுப்பு இழுத்தடிக்கும். ஒரே உருவத்தில் கூந்தல் இறுகியிருக்க, பக்கத்திலேயே கறுப்பு உடை ஈரமாக இருக்கும். கூந்தலின் மேல் புதிதாகப் பூசலாம், உடையை இன்னும் வழித்தெடுக்கலாம். இன்று எங்கே கை வைப்பது என்பதை ஓவியரின் விருப்பம் பாதி முடிவுசெய்தால், மீதியை வண்ணத்தில் இருக்கும் உலோகம் முடிவுசெய்கிறது.

கெடுவுக்குள் சுரண்டினால் என்ன ஆகும்? தட்டையான கத்தி, மேலே எழும்பி நிற்கும் வண்ணத்தை வெண்ணெய் போல வாரிக்கொண்டு வரும். ஆனால் துணி நெசவின் குழிகளில் புகுந்தது வராது. நேற்றைய முகம் ஒரு கறையாக, நிழலாக அங்கேயே தங்கும். வெற்றுக் கேன்வாஸில் தொடங்குவதற்கும் இந்த நிழலின் மேல் தொடங்குவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. கண் எங்கே இருந்தது, தோள் எங்கே சரிந்தது என்பது தெரியும். அழித்தது வீணாகாமல் அடுத்த நாளின் கோடாகிவிடுகிறது. நாள்தோறும் சுரண்டி வரைந்த ஓவியர்களின் படங்களில் காணும் அடர்த்தி, ஒரே மூச்சில் வரைந்த படத்தில் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

டி கூனிங் இந்தக் கெடுவை நீட்டிக்கவும் வழி வைத்திருந்தார். ஈர வண்ணத்தின் மேல் செய்தித்தாளை ஒட்டி வைத்துவிடுவார். தாள் காற்றை மறைக்கும், ஆக்சிஜன் போய்ச் சேருவது குறையும், வண்ணம் கூடுதல் நேரம் இளகியிருக்கும். பிறகு தாளை உரித்தெடுப்பார். அப்போது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. செய்தித்தாளின் மை என்பது எண்ணெயில் குழைத்த கரித்தூள்தான். ஈர வண்ணத்தில் இருக்கும் எண்ணெய் அதை இளக்கித் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். தாளை உரித்தால் எழுத்துகளும் படங்களும் இடவலம் மாறி ஓவியத்தில் பதிந்திருக்கும். 1955–56இல் அவர் வரைந்த ‘ஈஸ்டர் திங்கள்’ நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிறிய வண்ணத் தீற்றல்களுக்கு நடுவே செய்தித்தாளின் படங்களும் வரிகளும் மங்கலாகத் தெரியும். வண்ணம் இறுகாமல் இருக்க ஒட்டிய தாள் தன் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறது, அவரும் அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்.

கெடு தாண்டியபின் சுரண்ட முடியாது, மேலே பூசத்தான் வேண்டும். இங்கே தவறினால் ஓவியம் வெடிக்கும். கோடையில் வறண்ட ஏரியின் தரையைப் பாருங்கள். மேல்மண் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிமண் இன்னும் ஈரம். சுருங்குவதற்கு இடமில்லாமல் மேல்மண் பாளம் பாளமாகப் பிளக்கிறது. எண்ணெய் மிகுந்து மெதுவாக இறுகும் பூச்சின் மேல், எண்ணெய் குறைந்து விரைவாக இறுகும் பூச்சைப் போட்டால் இதுதான் நடக்கும். அதனால் பட்டறையில் காலங்காலமாக ஒரு முறை உண்டு. முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாக, எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெயின் பங்கு கூட வேண்டும். அப்போது மேல் பூச்சு நெகிழ்வாக இருந்து, கீழே நடக்கும் அசைவுக்கு இடம்கொடுக்கும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற ஜோஷுவா ரெனால்ட்ஸ் மெழுகு, பிசின், நிலக்கீல் என்று பலவற்றையும் கலந்து சோதனை செய்தார். அவர் உயிரோடிருந்தபோதே அவருடைய சில படங்கள் வெளிறி வெடித்தன.

ஒரே பூச்சைக் கனமாகப் போட்டாலும் சிக்கல் உண்டு. காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல, காற்றுப்படும் மேற்பரப்பு முதலில் தோலாகிவிடும். அந்தத் தோல் ஆக்சிஜனை வாங்கி விரியும், விரிய இடமின்றிச் சுருக்கம் விழும். உள்ளே வண்ணம் களியாகவே கிடக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிஷியன் செய்தது வேறு பொருள் கொள்கிறது. படத்தைத் தொடங்கி, அடிப்பூச்சுப் போட்டபின் கேன்வாஸைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவாராம். மாதக்கணக்கில் தொடமாட்டார். பிறகு எடுத்து, பரம எதிரியைப் பார்ப்பதுபோலக் குறை தேடுவார், திருத்துவார், மறுபடி திருப்பி வைப்பார். அவருடைய பட்டறையை அறிந்த ஓவியர் பால்மா இளையவர் சொன்னதாக இது 17ஆம் நூற்றாண்டில் பதிவாகியிருக்கிறது. மறந்த கண்ணோடு பார்ப்பதற்காக என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள், அது உண்மைதான். கூடவே, அந்த மாதங்களில் எண்ணெய் தன் வலையைப் பின்னி முடித்துக்கொண்டிருந்தது.

பூச்சின் மேல் பூச்சு போடுவது திருத்துவதற்கு மட்டும் அல்ல, நிறத்தைப் பிறப்பிக்கவும்தான். வெள்ளை வேட்டி நனைந்தால் உடல் தெரிகிறது. காரணம், நூலுக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில், அதாவது ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண்ணில், உள்ள வேறுபாடு பெரிது, அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் வேறுபாடு குறைந்து ஒளி ஊடுருவுகிறது. வண்ணத்திலும் இதே கணக்கு. ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.48. லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்லிலிருந்து எடுக்கும் அல்ட்ராமரீன் நீலத்துக்கு 1.5 அளவு, ஆகவே எண்ணெயில் அது கண்ணாடி போல ஒளியை விடும். ஈய வெள்ளைக்கு ஏறத்தாழ 2, இன்றைய டைட்டானியம் வெள்ளைக்கு 2.7 வரை. இவை அடியில் உள்ளதை மறைத்துவிடும். ஊடுருவும் நிறத்தை வெளிர் பூச்சின் மேல் மெலிதாகப் போட்டால், ஒளி அதைக் கடந்து உள்ளே போய், அடியில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே நிறத்தைக் கடந்து கண்ணுக்கு வருகிறது. இரண்டு முறை வடிகட்டப்பட்ட அந்த ஒளியின் ஆழம், நேரடியாகக் குழைத்த நிறத்துக்கு வருவதில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லியனார்டோவின் முகங்களை 2010இல் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் ஆய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், சில பூச்சுகள் ஓரிரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே இருப்பதைக் கண்டார்கள். எல்லாப் பூச்சும் சேர்ந்தே 30, 40 மைக்ரோமீட்டர். கன்னத்தில் நிழல் தொடங்கும் இடம் தெரியாமல் கரைவது இத்தனை மெல்லிய படலங்களால்தான்.

இறுகிய பிறகும் எண்ணெய் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் ஒளிவிலகல் எண் மெல்லக் கூடி, வண்ணத்தூளின் எண்ணை நெருங்குகிறது. ஈய வெள்ளை எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து சோப்பாக மாறி, மறைக்கும் ஆற்றலை இழக்கிறது. மேல் பூச்சு ஈர வேட்டி ஆகிவிடுகிறது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் பீட்டர் டி ஹூக் 1658ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ஓர் உள்ளறைக் காட்சி இருக்கிறது. அதில் பணிப்பெண்ணின் பாவாடை வழியாகத் தரையின் கட்டம் போட்ட கற்கள் தெரிகின்றன. தரையை முழுதும் வரைந்து முடித்தபின்தான் அவளை அங்கே நிறுத்தத் தோன்றியிருக்கிறது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் அந்த எண்ணத்தின் வரிசை நமக்குத் தெரிகிறது. இப்படி மேலெழும் பழைய கோடுகளுக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் பென்டிமென்டோ. மனம் வருந்தித் திருந்துதல் என்று பொருள்.

தானாக மேலே வராததைக் கருவிகள் காட்டுகின்றன. 2008இல் வான்கோவின் ‘புல்வெளித் துண்டு’ ஓவியத்தின் ஒரு பகுதியை ஹாம்பர்க்கில் சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி தரும் வலிமையான எக்ஸ்ரே கதிரால் புள்ளி புள்ளியாக வருடினார்கள். அடியில் இருந்த பாதரசம் செந்நிறத்தைக் காட்டிக்கொடுத்தது, ஆன்டிமனி வெளிர் மஞ்சளை. இரண்டையும் சேர்த்தபோது, புல்லுக்கு அடியிலிருந்து ஓர் உழைக்கும் பெண்ணின் முகம், உதடும் கன்னமும் நிறத்தோடு, வெளியே வந்தது. கேன்வாஸ் வாங்கக் காசில்லாத காலத்தில் பழைய படத்தின் மேலேயே வரைந்திருந்தார்.

டி கூனிங்கிடம் திரும்புகிறேன். 1960களில் அவர் ஆளிவிதை எண்ணெயோடு நிற்கவில்லை. வண்ணம் இன்னும் வழுக்க வேண்டும், இன்னும் நேரம் தர வேண்டும் என்று குசும்பா எண்ணெயைச் சேர்த்து, தண்ணீரும் விட்டு அடித்துக் குழைத்தார். குசும்பாவில் லினோலெனிக் அமிலம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டே இரட்டைப் பிணைப்பு உள்ள லினோலிக் அமிலம்தான் மிகுதி. அதனால் வலை தளர்வாகவும் மெதுவாகவும் பின்னப்படுகிறது, நம் வீட்டு எண்ணெய் டப்பாவின் பிசுக்கைப் போல. அவர் 1997இல் இறந்தார். அந்தக் காலத்து ஓவியங்கள் சிலவற்றில், கனமாகப் பூசிய இடங்கள் இன்னும் மென்மையாகவே இருக்கின்றன. பாதுகாப்பாளர்கள் அவற்றின் மேல் தூசி ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.