தீர்வை: கட்டுவது யார், தீர்ப்பது யார்?

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு அமெரிக்கா 44 வீதத் தீர்வை அறிவித்தபோது, கிளிநொச்சிச் சந்தையடியில் காதில் விழுந்த கேள்வி இது: "எங்கட அரசாங்கம் இவ்வளவு காசுக்கு எங்க போகும்?" அது பிறகு 30 வீதமாகி, ஆகஸ்டில் 20 வீதமாகக் குறைந்தது. ஆனால் அந்தத் தீர்வையை இலங்கை அரசு கட்டுகிறது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. செய்தியில் அடிக்கடி வரும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பார் – பார்வை, போர் – போர்வை, தீர் – தீர்வை. கடனைத் தீர்க்கிறோம், கணக்கைத் தீர்க்கிறோம். அப்படிக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பணம்தான் தீர்வை. தமிழ்நாட்டில் நிலவரிக்கும் இந்தச் சொல் வழங்கியது. மதுவுக்கான வரி அங்கே இன்றும் ஆயத்தீர்வை. இலங்கையில் அது துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் போய், நாட்டுக்குள் இறங்கும் பண்டத்தின் மேல் விழும் பணமாக நிலைத்துவிட்டது. சிங்களத்தில் 'தீருவ' என்பதும் நம்முடைய தீர்வைதான். அவர்கள் வரியைக் குறிக்கும் 'பது'வையும் சேர்த்து 'தீரு பது' என்று சொல்வதுபோல நம் பத்திரிகைகளும் 'தீர்வை வரி' என்று எழுதுகின்றன. தீர்வையே ஒரு வரி, பின்னால் இன்னொரு வரி எதற்கு? 'இறக்குமதித் தீர்வை' என்றால் போதும்.

ஆங்கிலக்காரரின் 'டாரிஃப்' அரபு மொழியிலிருந்து புறப்பட்டது. அங்கே அதன் பொருள் 'அறிவித்தல்'. மத்தியதரைக் கடல் வணிகர் வழியாக இத்தாலிக்குப் போய், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த பட்டியலைக் குறித்தது. மின்சாரத்துக்கும் விடுதி அறைக்கும் அதே சொல் வழங்குவது இதனால்தான். தமிழில் அந்த இடங்களில் 'கட்டணம்' என்றே எழுத வேண்டும். ஒரு சொல்லைக் கொண்டு இரண்டையும் மூட வேண்டியதில்லை.

சரி, சுங்கம்? வடமொழியில் 'சுல்க', பாளியில் 'சுங்க'. நம் வடிவம் பாளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அதற்கும் பழைய சொல் உல்கு. "உறுபொருளும் உல்கு பொருளும்" என்று தொடங்குகிறது 756ஆம் குறள். கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கு இறை என்று பரிமேலழகர் அதை விளக்குவார். கடலில் கப்பல், தரையில் சுமை, இரண்டும் அதில் அடங்கிவிட்டன. தனித்தமிழ் வேண்டுவோர் உல்கைக் கையில் எடுப்பார்கள். ஆனால் அதுவே 'சுல்க' என்பதன் முதலெழுத்துத் தேய்ந்த வடிவம் என்று மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள், மறுப்போரும் உண்டு. அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ் வினையிலேயே பிறந்த தீர்வை நம் கையில் இருக்கிறது. சுங்கத்தை அந்தத் திணைக்களத்துக்கும் இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வன்னியில் இன்னொரு சொல்லும் இருந்தது: ஆயம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுக்குள் போய், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. லொறிகள் ஓமந்தையைத் தாண்டி வந்தன. புலிகளின் சோதனை நிலையத்தில் சாமானுக்கு ஆயம் வாங்கப்பட்டது. ரசீது வியாபாரியின் பெயரில்தான் இருக்கும். ஆனால் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது அந்தக் காசும் சேர்ந்தே எங்கள் கையிலிருந்து போனது. தடைக்கும் தீர்வைக்கும் உள்ள வித்தியாசத்தை வன்னிச் சனத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தடையில் சாமானே வராது. தீர்வையில் சாமான் வரும், விலையும் சேர்ந்து வரும்.

அமெரிக்கத் தீர்வையும் இதே மாதிரித்தான். அங்கே பண்டத்தை இறக்கும் அமெரிக்க நிறுவனம் தன் நாட்டுச் சுங்கத்தில் பணத்தைக் கட்டுகிறது. இலங்கை அரசு ஒரு சதமும் கட்டுவதில்லை. கட்டிய நிறுவனம் அந்தச் சுமையை யார் தலையில் இறக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடை விலையைக் கூட்டினால் அந்த ஊர்ச் சனம் தீர்க்கும். தைப்பவரிடம் விலையைக் குறைக்கச் சொன்னாலோ ஓடரைக் குறைத்தாலோ அது இங்கே இறங்கும். நம் ஆடைகளுக்கு அமெரிக்காவை விடப் பெரிய தனிச் சந்தை இல்லை. விடியப்புறத்தில் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி கிளிநொச்சித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் மேலதிக நேர வேலைதான் முதலில் குறையும். அந்த 44 வீதத்தைக் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த பஸ்தான்.

நாமும் தீர்வை வைக்கிறோம். 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தபோது கிலோவுக்கு 65 ரூபா வரி இருந்தது. வெளி அரிசி மலிவாக வந்து விழாமல் இருந்தால் இரணைமடுக் குளத்தை நம்பி விதைத்தவருக்கு நல்லதுதான். ஆனால் நெல் அறுத்த கையோடு, ஈரத்தோடு, கடன்காரன் வாசலில் நிற்கும்போது விற்பவருக்கு அந்த 65 ரூபாயின் பலன் எவ்வளவு கிடைக்கும்? களஞ்சியம் வைத்திருப்பவருக்கே அதிகம் கிடைக்கும். பிறகு தை, மாசியில் நெல்லை விற்ற அதே வீடு ஐப்பசியில் அரிசி வாங்கப் போகும்போது அந்த வரியையும் சேர்த்தே தீர்க்கிறது.

இந்த வகை வரிக்கு அரச ஆவணங்களில் 'அறவீடு' என்று பெயர். அறவிடுவது வாங்குபவரின் சொல், தீர்ப்பது கொடுப்பவரின் சொல். அரிசி வாங்கும் வீட்டிலிருந்து எழுதுவதென்றால் நான் தீர்வை என்றே எழுதுவேன்.