தேவை இருக்கிறது, டிமாண்ட் இல்லை

தெரிந்தவர் ஒருவர் ஓர் அறிக்கையின் தமிழ் வடிவத்தை அனுப்பி, "ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்றார். வளரும் நாடுகளில் கார் விற்பனையைத் தீர்மானிக்கும் காரணிகள் என்னென்ன என்பது பொருள். இரண்டாம் பக்கத்திலேயே இப்படி ஒரு வாக்கியம்: "மக்களின் போக்குவரத்துத் தேவை பெருகியபோதும் கார்களின் தேவை பெருகவில்லை, தேவை உள்ளவர்களிடம் தேவை உருவாகாததே இதற்குக் காரணம்."

மூன்று முறை படித்தேன். தேவை உள்ளவர்களிடம் எப்படித் தேவை உருவாகாமல் இருக்கும்? தவிர, "கார்களின் தேவை" என்றால் காருக்கு என்ன தேவை என்றுதானே பொருள்? பெட்ரோல், காற்று, அவ்வப்போது ஆயில்.

மொழிபெயர்த்தவர் அசட்டையானவர் அல்ல. பள்ளியில் கற்றதைத்தான் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் டிமாண்ட் என்பது தேவை, சப்ளை என்பது அளிப்பு. பல தலைமுறைகளாக அப்படியே படித்துத் தேறியிருக்கிறோம். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதையே சொல்கின்றன. இத்தனை பேர் சொன்னாலும் அது தவறு என்பதுதான் என் கட்சி.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் தேமந்தாரே என்றால் ஒருவரிடம் ஒப்படைப்பது. பிரெஞ்சுக்கு வந்தபோது அது கேட்பது என்றானது. ஆங்கிலத்தில் உரிமையோடு, அழுத்திக் கேட்பது என்று முறுக்கேறியது. "இந்த வேலை பொறுமையை டிமாண்ட் பண்ணுகிறது" என்பதுபோல் தேவைப்படுவதையும் அதனால் குறிப்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கேகூட நாம் "பொறுமையைக் கோரும் வேலை" என்கிறோம். கோருவதும் கேட்பதுதான். ஆக, சொல்லின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு வாய், ஒரு குரல். தேவைக்கு வாய் கிடையாது. அது ஒரு நிலை, அவ்வளவே.

பொருளியலில் இது இன்னும் கறாரான சொல். குறிப்பிட்ட விலையில், குறிப்பிட்ட காலத்தில், வாங்கும் விருப்பமும் வாங்கும் வசதியும் சேர்ந்து இருப்பவர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்பதே டிமாண்ட். விருப்பம், வசதி, விலை ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அது டிமாண்ட் ஆகாது. தேவைக்கோ இந்த மூன்றுமே வேண்டாம். மருந்து பிடிக்காத, மருந்துக்குக் காசில்லாத நோயாளிக்கும் மருந்து தேவைதான்.

ஆடம் ஸ்மித் 1776-லேயே இதை ஒரு வண்டியை வைத்து விளக்கிவிட்டார். பரம ஏழை ஒருவனுக்கும் ஆறு குதிரை பூட்டிய வண்டிக்கு ஒரு வகையில் டிமாண்ட் உண்டு என்று சொல்லலாம். அவனுக்கும் ஆசை இருக்கக்கூடும். ஆனால் அது பலிக்கும் டிமாண்ட் அல்ல, அவனுக்காக அந்த வண்டி ஒருநாளும் சந்தைக்கு வராது என்றார். குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டினால் நம் அறிக்கையின் கதையேதான். ஸ்மித் போட்ட அந்த அடைமொழி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. இன்று பொருளியலில் வெறும் டிமாண்ட் என்றாலே காசோடு வரும் டிமாண்ட்தான்.

சரி, ஒரு சொல்லில் என்ன வந்துவிட்டது, பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. அதுவும் வளரும் நாட்டுக் கார் சந்தை என்று வந்துவிட்டால், கதை முழுவதுமே தேவைக்கும் டிமாண்டுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நடக்கிறது. பள்ளத்தின் இரு கரைக்கும் ஒரே பெயர் வைத்தால் பள்ளமே கண்ணுக்குத் தெரியாது.

நானோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாட்டா பலமுறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று திரை விலக்கினார்கள். 2009-இல் சாலைக்கு வந்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை. எந்த ஓர் ஆண்டிலும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட விற்கவில்லை. 2018 வாக்கில் உற்பத்தி ஏறக்குறைய நின்றேபோனது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும், "மலிவுக் கார்" என்று விழுந்த முத்திரையும் சேர்ந்துகொண்டன. கார் என்பது போய்வருவதற்கு மட்டும் வாங்கும் பொருள் அல்லவே, நான்கு பேர் பார்க்கவும்தானே வாங்குகிறார்கள்! இப்போது நம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால், "நானோவின் தேவை குறைந்ததால் உற்பத்தி நிறுத்தப்பட்டது" என்று எழுதுவார். தேவை எங்கே குறைந்தது? அந்த நான்கு பேரும் அதே ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடன் விஷயமும் இப்படித்தான். வளரும் நாடுகள் பலவற்றில் புதுக் கார் பெரும்பாலும் தவணையில்தான் வீட்டுக்கு வருகிறது. 2018 செப்டம்பரில் இந்தியாவில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்றது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பலவும் கடன் கொடுப்பதில் கையை இறுக்கிக்கொண்டன. புதுக் காருக்கு மூன்றாண்டுக் காப்பீட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 2019-20 நிதியாண்டில் விற்பனை ஏறக்குறைய 18 விழுக்காடு சரிந்தது. ஒரே ஆண்டில் இத்தனை குடும்பங்களுக்குக் கார் தேவைப்படாமல் போய்விட்டதா என்ன? புகைக் கட்டுப்பாட்டின் புதிய விதிகள் 2020 ஏப்ரலில் வரவிருந்ததால், பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவர்களும் உண்டு. தேவை அப்படியே இருக்க, கேட்பது மட்டும் தள்ளிப்போயிற்று.

வரியைக் குறைத்தால் நேர்மாறு. 2009-இல் சீனா 1.6 லிட்டருக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட கார்களுக்கு வாங்கும்போது கட்டும் வரியை 10 விழுக்காட்டிலிருந்து 5 ஆக்கியது. விற்பனை பாய்ந்தது, அந்த ஆண்டிலேயே சீனா உலகின் மிகப் பெரிய வாகனச் சந்தை ஆனது. வரி குறைந்த மறுநாள் மக்களின் தேவை கூடிவிடாது. கையில் இருந்த பணத்துக்குக் கார் எட்டியது, அவ்வளவுதான்.

வருமானத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜாய்ஸ் டார்கே, டெர்மட் கேட்லி, மார்ட்டின் சாமர் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. தலைக்கு வருமானம் மிகக் குறைவாக இருக்கும்வரை வாகன எண்ணிக்கை மெல்ல ஊர்கிறது. 3,000 முதல் 10,000 டாலர் வரையிலான இடைநிலையில் வருமானத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் ஏறுகிறது. அதற்கு மேல் வருமானத்தோடு கூடவே நடந்து, கடைசியில் தேங்கிவிடுகிறது. இதைப் படமாக வரைந்தால், ஏழை நாட்டில் கோடு தரையோடு படுத்திருப்பது அங்கே தேவை இல்லாததாலா? பேருந்து அரிதான, மருத்துவமனை தொலைவான இடத்தில்தான் வண்டியின் தேவை மிக அதிகம். அந்தக் கோட்டுக்குத் "தேவைக் கோடு" என்று பெயரிட்டுப் பாருங்கள், படம் தலைகீழாகிவிடும். விலையோ வருமானமோ மாறினால் டிமாண்ட் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் "தேவை நெகிழ்ச்சி" என்ற கலைச்சொல்லுக்கும் இதே கதிதான். தேவை எங்கே நெகிழும்?

இந்தக் குறையை உணர்ந்த சிலர் தேவைக்கு முன்னால் ஒட்டுப் போடுகிறார்கள்: விளைவுத் தேவை, உண்மைத் தேவை, வாங்குதிறத் தேவை. ஓட்டைப் பாத்திரத்துக்கு எத்தனை ஒட்டு? "உண்மைத் தேவை" என்றால் காசில்லாதவன் தேவை பொய்த் தேவையா?

கிராக்கி எனக்குப் பிடித்த சொல். வாங்குபவரைக் குறிக்கும் கிராஹக் என்ற வடபுலச் சொல்லின் உறவு. அதனால்தான் பேச்சுத்தமிழில் வாடிக்கையாளரும் கிராக்கி, வசைக்குச் சாவுகிராக்கியும் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் அது வெளியூர்ச் சொல் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தத் தடை இல்லை. காரை மகிழுந்து என்று எழுதினால்தான் மகிழ்ச்சி என்று நினைப்பவன் அல்ல நான். என் தடை வேறு. கிராக்கி என்றால் தட்டுப்பாடும் விலையேற்றமும் கூடவே வந்துவிடுகின்றன. அகவிலைப்படிக்குக் கிராக்கிப்படி என்றும் பெயர் இருந்ததே! "கிராக்கி குறைந்தது" என்றுகூடச் சொல்லலாம், ஆனால் "இந்த விலையில் கிராக்கி எவ்வளவு?" என்று கேட்டால் தமிழ்க் காது ஒப்பாது. வேண்டல் என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். வேண்டுதல் பக்கத்திலேயே நிற்கிறது. கார் சந்தையைக் கோயிலுக்கு அனுப்ப வேண்டாம்.

சொல் ஏற்கெனவே இருக்கிறது, கடல் கடந்து. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் டிமாண்ட் என்பது கேள்வி, சப்ளை என்பது நிரம்பல். நிரம்பலைப் பற்றி எனக்கு இரண்டு மனம், அதை விடுங்கள். கேள்வி அருமையான சொல். தமிழ்நாட்டில் இதைச் சொன்னாலே சிரிக்கிறார்கள்: "கார்களுக்கான கேள்வி அதிகரித்தது என்றால் காரைப் பற்றி நிறையச் சந்தேகம் கேட்டார்கள் என்று நினைக்கமாட்டார்களா?" முதல் நாள் நினைப்பார்கள். திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது கேட்டு அறிதல். அதைப் படிக்கிற மாணவன் கேள்வித்தாள் என்று குழம்பிவிடுகிறானா? செவியால் கேட்பது, வாயால் கேட்பது, கேட்டுப் பெறுவது எல்லாவற்றையும் சுமந்த வேர் அது. இன்னொன்றையும் சுமக்கும்.

சுமக்கும் என்ன, ஏற்கெனவே சுமக்கிறது. ஏலத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஏலம் கேட்கிறோம். அங்கே கேட்பது என்றால் விலை சொல்வது. கையில் காசில்லாதவன் கேட்க முடியாது. இலங்கையில் டெண்டருக்குக் கேள்விப்பத்திரம் என்று பெயர். பழைய கார் விற்கும் தரகரிடம் பேசிப் பாருங்கள். "இந்த வண்டியை மூணு பேரு கேட்டிருக்காங்க சார்" என்பார். மூன்று பேருக்கு வண்டி தேவைப்படுகிறது என்று அவர் சொல்லவில்லை. மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள் என்கிறார். "என்ன விலைக்குக் கேட்டாங்க?" என்பதுதான் நம் அடுத்த வாக்கியம். விருப்பம், வசதி, விலை மூன்றும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடக்கம். பொருளியல் படிக்காத தரகருக்கு இருக்கும் தெளிவு பாடநூல் குழுவுக்கு இல்லாமல் போனது விந்தைதான்.

இலங்கையே இதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தந்திருக்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. நிரம்பல் நின்றது, கேள்வி நிற்கவில்லை. பெய்ஜிங்கில் 2011 முதல் காருக்கு எண்பலகை வேண்டுமென்றால் குலுக்கல். தொடக்கத்தில் மாதத்துக்கு 20,000 எண்பலகைதான் கொடுத்தார்கள். அங்கே வரிசையில் நின்றவர்கள் பணத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டவர்கள். இவர்களையும் நானோவை வாங்காத ஸ்கூட்டர் குடும்பத்தையும் தேவை என்ற ஒரே மூட்டையில் கட்டினால் அறிக்கை எழுதி என்ன பயன்?

அந்த அறிக்கையில் வேறு கூத்துகளும் இருந்தன. "பயணிகள் வாகன விற்பனை" என்று ஒரு தலைப்பு; படிப்பவர் பேருந்து என்றே நினைப்பார். துறையின் கணக்கில் பேருந்து வணிக வாகனத்தில் சேரும், பயணிகள் வாகனம் என்பது காரும் அதன் இனமும். "கார், வேன்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? "கார் ஊடுருவல் குறைவாக உள்ளது" என்று இன்னொரு வரி. எல்லைப் பாதுகாப்புச் செய்தியோ என்று பதறினேன். ஆயிரம் பேருக்கு எத்தனை கார் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

உட்கார்ந்து திருத்தினேன். போக்குவரத்துத் தேவையைத் தேவையாகவே விட்டேன். விலை, வரி, வட்டி பேசும் இடங்களிலெல்லாம் கேள்வி என்று மாற்றி, முதல் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்தேன். இரண்டாம் பக்க வாக்கியம் "போக்குவரத்துத் தேவை பெருகியும் கார்களுக்கான கேள்வி பெருகவில்லை, தேவை உள்ளவர்களுக்கு விலை எட்டவில்லை" என்று ஆனது.

அச்சாகி வந்த பிரதியை நேற்றுப் பார்த்தேன். கேள்வி எல்லாம் மீண்டும் தேவை ஆகியிருந்தது. என் வாக்கியத்தை மட்டும் தேவை என்று மாற்ற முடியவில்லை போலிருக்கிறது. அங்கே "கார்களுக்கான டிமாண்ட் பெருகவில்லை" என்று போட்டிருந்தார்கள்.