இரைப்பையை யாரும் மாற்றுவதில்லை

"தம்பி, யாரோட இரைப்பைய எடுத்து எனக்கு வைக்கப் போறாங்க?"

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா கேட்டார். கையில் ஒரு மருத்துவமனை கொடுத்த தமிழ்க் கையேடு. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'இரைப்பை மாற்று அறுவை சிகிச்சை'. அக்காவுக்குப் பல வருஷமாக நீரிழிவு, எடை 104 கிலோ. டாக்டர் பரிந்துரைத்தது காஸ்ட்ரிக் பைபாஸ், உடற்பருமனுக்குச் செய்யும் பேரியாட்ரிக் அறுவைகளில் ஒன்று. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னபோது ஓரளவு புரிந்ததாம். தமிழில் படித்த பிறகுதான் பயம் வந்ததாம்.

மொழிபெயர்ப்பில் சோறு சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்தச் சொற்றொடரை நான் பார்ப்பது இது நான்காவதோ ஐந்தாவதோ முறை.

சொற்களின் பூர்வீகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பேரியாட்ரிக் என்பதில் 'பாரோஸ்' கிரேக்கத்தில் எடை, 'இயாட்ரோஸ்' மருத்துவர். பாரோமீட்டரில் இருப்பதும் இதே பாரோஸ்தான். காஸ்ட்ரிக், 'காஸ்டெர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வயிறு என்று பொருள். பைபாஸ், சுற்றிக்கொண்டு போகும் வழி. தமிழில் இரைப்பை என்பது இரை + பை. வயிறு என்று எழுதினால் போதாது, ஏனென்றால் நமக்குக் குடலும் வயிறுதான், பிள்ளை இருப்பதும் வயிற்றில்தான். ஆக, கையேட்டுக்காரர் இரைப்பை என்று போட்டதில் குறை இல்லை. அடுத்த சொல்லில்தான் வினை.

சிறுநீரக மாற்று என்றால் இன்னொருவருடைய சிறுநீரகம். கல்லீரல் மாற்றும் அப்படியே. மூட்டு மாற்று என்றால் தேய்ந்த மூட்டுக்குப் பதில் உலோக மூட்டு. இவற்றையெல்லாம் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு, 'இரைப்பை மாற்று' என்றதும் பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கப்போகிறார்கள் என்றுதான் கேட்கும். அக்கா கேட்டதில் என்ன தப்பு?

நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. முதலில் யாரோ 'இரைப்பை மாற்றுவழி' என்று எழுதியிருப்பார். பிறகு வந்தவர் தலைப்பில் இடம் போதாமல் 'வழி'யை உதிர்த்துவிட்டார். இதே வேலையை 'இதய மாற்றுவழி'யில் செய்து பாருங்கள். இதய மாற்று! அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. இரைப்பை என்றால் மட்டும் இளப்பம்.

இதே தொழிலில் இருக்கும் நண்பரிடம் புலம்பியபோது அவர் விடவில்லை. "மாற்று மருத்துவம், மாற்றுக் கருத்து என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே யார் எதை எடுத்து எங்கே வைக்கிறார்கள்? இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்" என்றார். சரி, இடம் பார்ப்போம். மாற்று முன்னால் நின்றால் 'வேறு' என்று பொருள்: மாற்று மருத்துவம், மாற்றுக் கருத்து, மாற்றுவழி. பின்னால் நின்றால் கொடுக்கல் வாங்கல்: பண்டமாற்று, கைமாற்று, உறுப்பு மாற்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது இலக்கணம் படிக்காமலே தெரியும். நண்பருக்கும் தெரியும், இந்தச் சொல் இருக்கும் கலைச்சொல் பட்டியலைத் தொகுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பதால் தெரியாதமாதிரி இருந்தார்.

உண்மையில் இந்தச் சிகிச்சையில் இரைப்பையை எடுப்பதே இல்லை. மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். சாப்பாடு அதற்குள் போகாது, அவ்வளவுதான். ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. அதன் சாறும் பித்தமும் தனிப்பாதையில் இறங்கிக் கீழே போய் உணவோடு சேரும். இரண்டு பாதையும் சேரும் இடம் ஆங்கில ஒய் எழுத்துப் போல இருக்கும். இந்த இணைப்புக்குச் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் சேசார் ரூவின் பெயர். அவர் 1934இல் இறந்தார். உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் முதலில் செய்யப்பட்டது அதற்கும் பிந்தி, 1966இல், அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் கையால்.

தமிழ்நாட்டில் பேருந்தில் போனவர்களுக்குப் புறவழிச்சாலை தெரியும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். பேருந்து ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போய்விடும். இதைவிடப் பொருத்தமான சொல் இந்தச் சிகிச்சைக்கு வேண்டுமா? இரைப்பைப் புறவழி. அது பிடிக்காவிட்டால் 'வழி'யை விடாமல் மாற்றுவழி என்றாவது எழுதுங்கள். இரண்டும் வேண்டாமா, இரைப்பை பைபாஸ் என்றே போடுங்கள். நான் தனித்தமிழ் விரும்பிதான். ஆனால் நோயாளியைப் பயமுறுத்தும் தமிழுக்கு பைபாஸ் எவ்வளவோ தேவலை.

பக்கம் புரட்டினேன். 'கொட்டல் நோய்க்குறி' என்று இருந்தது. தேள் கொட்டுமா என்று நினைத்தேன். டம்பிங் சிண்ட்ரோமாம்! பைபாஸ் செய்தவர் தித்திப்பாக ஒரு தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, மடமடவென்று குடித்தால், சர்க்கரை சட்டென்று சிறுகுடலில் இறங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைக் கலக்கும். 'இனிப்பு சாப்பிட்டதும் வரும் படபடப்பு' என்று நீட்டி எழுதினால் குடியா முழுகிவிடும்? அதற்குக் கீழே, பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடாமல் எடுக்கவேண்டும் என்ற மிக முக்கியமான வரி, பொடி எழுத்தில்.

இன்னொரு ரகம் 'கொழுப்பு நீக்க அறுவை'. பேரியாட்ரிக் சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறார்கள். இது வெறும் சொல் தகராறு இல்லை, பணத் தகராறு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, அது அழகுக்கு. அழகு சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தை, அதாவது நம் மருத்துவச் சேமிப்பை, தொட முடியாது. மருத்துவத் தேவைக்காகச் செய்யும் பேரியாட்ரிக் அறுவைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். தமிழ்த் தாளை மட்டும் படிப்பவர் கேட்காமலே விட்டுவிடுவார்.

ஸ்லீவ், அதாவது சட்டைக்கை, என்ற இன்னொரு பேரியாட்ரிக் வகையில்தான் இரைப்பையை நிஜமாகவே வெட்டி எடுக்கிறார்கள், ஏறக்குறைய முக்கால் பங்கு. மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழல். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும். அதற்குக் கையேட்டில் 'சட்டைக்கை முறை'. இரைப்பைக் குறைப்பு என்று எழுதியிருக்கலாம். கடைக்காரர் விலை குறைத்ததுபோல் லேசாகத் தொனிக்கிறதே என்று எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. அதனால் பக்கத்தில் 'வெட்டி எடுத்துவிடுவார்கள்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக உடற்பருமன் அறுவை சிகிச்சை போதும். எடைக் குறைப்பு அறுவை என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பைபாஸ் செய்த சிலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாளிலேயே ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. அதனால்தான் அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை மருத்துவர் சங்கம் 2007இல் தன் பெயரில் 'மெட்டபாலிக்' என்பதையும் சேர்த்துக்கொண்டது. தமிழில் அது வளர்சிதை மாற்றம், உடல் சாப்பாட்டைச் சக்தியாக்கும் வேலை. மறுபடியும் மாற்றம்! அதை எந்தக் கையேட்டில் யார் எப்படிச் சுருக்கப்போகிறாரோ.

அன்று கையேட்டின் பின்னட்டையில் ஒய் வரைந்து காட்டினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்போ மிச்ச இரைப்பை உள்ளேயே கிடக்குமா?"

"ஆமாக்கா."

"அதுக்குப் பசிக்காதா?"

எனக்குப் பதில் வரவில்லை. டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அப்புறம் ஜோகூரில் இருக்கும் தங்கையிடம் அவர் தொலைபேசியில் பேசியது நடைபாதை வரை கேட்டது: "மாத்துறதெல்லாம் இல்லடி. கவட்டைக் கம்பு பாத்திருக்கியா? அது மாதிரி ரெண்டு குடலைச் சேக்குறாங்க. கவட்டை ஆபரேஷன்."